பாஜேயின் பையில் இருக்கும் ரசீது

பாஜே எங்கே வந்தாலும் அந்தப் பையோடுதான் வருவார். வெள்ளை பிளாஸ்டிக் பை. ஒரு பக்கத்தில் நீல நிறத்தில் ஐ.ஓ.எம். என்று பெரிய எழுத்து. அகதிகளை விமானம் ஏற்றி அனுப்பும் சர்வதேச அமைப்பின் பெயர் அது. ஆங்கிலம் தெரியாதவர்கள் விமான நிலையத்தில் தொலைந்துவிடக் கூடாது, பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும் என்று இந்தப் பையைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். நெஞ்சு எக்ஸ்ரே, தடுப்பூசிச் சீட்டு, பயண அனுமதி எல்லாம் அதற்குள்தான் இருக்கும். பாஜே பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க்கில் வந்து இறங்கிப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. பையின் காதுகள் இற்றுப்போய், துணிக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்.

பாஜே என்றால் நேபாளியில் தாத்தா. அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காலம் அப்படி இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பகுதி நூலகத்தின் பின்னறையில் குடியுரிமைத் தேர்வுக்கான வகுப்பு நடக்கும். ஏழு வருடமாக அங்கே சொல்லிக்கொடுத்து வருகிறேன். வருகிறவர்கள் எல்லோரும் என் அப்பா அம்மா வயதுக்காரர்கள். பூட்டானில் பிறந்து, நேபாளத்து முகாமில் மூங்கில் குடிசையில் பதினெட்டு, இருபது வருடம் இருந்து, அப்புறம் இங்கே வந்தவர்கள். உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி "பாத் கானு பயோ?" சோறு சாப்பிட்டாச்சா என்று. சத்தியமங்கலத்தில் எங்கள் தெருவிலும் இதேதான் முதல் கேள்வி. என்னை அவர்கள் "நானி" என்று கூப்பிடுவார்கள். கண்ணு, குழந்தை என்கிற மாதிரி. எனக்கு நாற்பத்தாறு வயது.

போன வருடம் ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு பாஜே மட்டும் உட்கார்ந்திருந்தார். கயிற்றை அவிழ்த்து, பைக்குள் இருந்த இன்னொரு பையை எடுத்து, அதற்குள் இருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே ஒரு காகிதம். உள்ளங்கை அகலம்தான். மடித்த இடங்களில் நாலு துண்டாகப் பிரியப் பார்த்ததை செல்லோடேப் போட்டு ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிவிட்டது. தெற்கு பூட்டானில் சிராங் என்ற மாவட்டத்தில் அவருடைய அப்பா கட்டிய நிலவரிக்கு ரசீது. பாஜே விரலை வருடத்தின் மேல் வைத்து அழுத்தினார். 1957.

"ஒரு வருஷம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இந்த ஒரு வருடக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

தெற்கு பூட்டானில் நேபாளி பேசுகிறவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து குடியேறியவர்கள். காட்டைத் திருத்தி ஏலக்காயும் ஆரஞ்சும் பாக்கும் போட்டார்கள். லோட்சாம்பா என்று பெயர். தெற்கத்தியர் என்று அர்த்தம். 1958-இல் வந்த சட்டம் அவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. 1985-இல் அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். 1958 டிசம்பர் 31-க்குள் பூட்டானில் நிலையாகக் குடியிருந்ததாக அரசுப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் குடிமகன் என்றார்கள். 1988-இல் தெற்கு மாவட்டங்களில் மட்டும் கணக்கெடுப்புக்கு ஆட்கள் போனார்கள். 1958-ஆம் வருடத்து வரி ரசீது எங்கே என்று கேட்டார்கள். அதற்கு முந்திய வருடத்து ரசீதைக் காட்டினால் செல்லாது. 1957-இல் வரி கட்டியவன் 1958-இல் நாட்டில் இருந்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்களாம். முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு துண்டுச் சீட்டை எந்த விவசாயி வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள்? பாஜே வீட்டில் வைத்திருந்தார்கள். ஆனால் வருடம் வேறு.

மக்களை எஃப்1 முதல் எஃப்7 வரை ஏழு வகையாகப் பிரித்தார்கள். எஃப்1 அசல் குடிமகன். எஃப்7 அந்நியன். ஒரே வீட்டில் புருஷன் ஒரு வகை, பெண்டாட்டி ஒரு வகை. வடக்கத்தியர் உடையைத்தான் எல்லோரும் உடுத்த வேண்டும் என்ற உத்தரவு வந்தது. பள்ளிக்கூடத்தில் நேபாளி மொழிப் பாடம் நின்றது. 1990-இல் தெற்கில் ஊர்வலங்கள் நடந்தன. அதற்குப் பிறகு ராணுவம் இறங்கியது. கைது, அடி, வீடு இடிப்பு. கடைசியில் ஒரு படிவம் நீட்டுவார்கள். "நான் விரும்பித்தான் நாட்டை விட்டுப் போகிறேன்" என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட வேண்டும், போடும்போது கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். வகுப்பில் இந்தச் சிரிப்பைப் பற்றி மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அடித்ததைக்கூடச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். சிரிக்கச் சொன்னதைச் சொல்லும்போதுதான் குரல் உடைகிறது.

இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். நாட்டு மக்கள்தொகையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் பொது எல்லை கிடையாது. நடுவில் நம் இந்தியா இருக்கிறது. இந்திய எல்லைக்குள் வந்தவர்களை லாரியில் ஏற்றி நேபாள எல்லையில் இறக்கிவிட்டார்கள். மாய் ஆற்றின் மணல் கரையில் பந்தல் போட்டு இருந்தபோது வாந்திபேதியிலும் அம்மையிலும் குழந்தைகள் நாள்தோறும் செத்தன. அப்புறம் ஜாபா, மொராங் மாவட்டங்களில் ஏழு முகாம்கள் வந்தன. திரும்பிப் போகலாம் என்று கிளம்பியவர்களை இந்திய-நேபாள எல்லையில் இருக்கும் மேச்சிப் பாலத்தில் இந்திய போலீஸ் தடுத்தது. 2007-இல் அந்தப் பாலத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரும் போயிற்று. இந்தியர்களாகிய நமக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியவே தெரியாது. எனக்கும் இங்கே வந்துதான் தெரிந்தது.

பூட்டானும் நேபாளமும் பத்துப் பதினைந்து சுற்றுப் பேச்சு நடத்தின. 2001-இல் குதுனாபாரி முகாமில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து ஆளாளாக விசாரித்தார்கள். 2003-இல் முடிவு வந்தது. அந்த முகாமில் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்ட அசல் பூட்டானியர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அவர்களையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை ஒரு ஆள் திரும்பப் போனதில்லை. மொத்த மகிழ்ச்சியைக் கணக்கெடுக்கும் நாடு என்று பூட்டானைப் பற்றி உலகம் பெருமையாகப் பேசுகிறது. அந்தக் கணக்கு எடுப்பதற்கு முன்னால் யார் யாரைக் கழித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

2008-இல் மூன்றாம் நாட்டுக் குடியமர்வு, அதாவது பூட்டானும் நேபாளமும் அல்லாத வேறு நாடுகளில் குடியமர்த்துவது, தொடங்கியது. எட்டு நாடுகள் எடுத்துக்கொண்டன. மொத்தம் ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் பேர். அதில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவுக்கு. ஓஹையோவின் கொலம்பஸ், பிட்ஸ்பர்க், எங்கள் ஹாரிஸ்பர்க் இங்கெல்லாம் கடைகளும் கோயில்களும் வந்துவிட்டன. என் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு கடை. கடுகெண்ணெய், குந்த்ருக், டல்லே மிளகாய் எல்லாம் கிடைக்கும். நம் ஊர்ப் பொன்னி அரிசியும் அங்கேதான் வாங்குகிறேன்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பொங்கல் விழாவில் கேட்ட ஒரு பேச்சு. சாப்பிட்டுக்கொண்டே ஒரு நண்பர் சொன்னார்: "நாம எச்-1பி வேலை விசாவில் வந்து பதினஞ்சு வருஷமா கிரீன் கார்டுக்கு வரிசையில் நிக்கிறோம். அகதிக்கு ஒரே வருஷத்துல கொடுத்துடறான்." பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அந்த வரிசையில் நாங்களும் நின்றிருக்கிறோம். அந்த வலி எனக்குத் தெரியும், அதை லேசாகப் பேச மாட்டேன். ஆனால் அந்த நண்பரிடம் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். எச்-1பி போனால் எனக்குச் சத்தியமங்கலம் இருக்கிறது. அப்பா கட்டிய வீடு இருக்கிறது, ரேஷன் அட்டை இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. பாஜேவுக்கு 1990 முதல் எந்த நாட்டிலும் எதுவும் இல்லை. வரிசையில் நிற்பதற்கே ஒரு நாடு வேண்டும்.

சுலபமாக வாங்கினார்கள் என்பதும் தவறான எண்ணம். இவர்கள் வந்த காலத்தில், வந்திறங்கியதும் முதல் தொண்ணூறு நாள் ஒரு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். வாடகை, சமூகப் பாதுகாப்பு எண், குழந்தைகளுக்குப் பள்ளி. அதற்குள் வேலை தேடிக்கொள்ள வேண்டும். வந்த விமான டிக்கெட்டின் பணம் கடன்தான். ஐந்து பேர் குடும்பம் என்றால் ஐந்து டிக்கெட் கடன். ஆறு மாதத்தில் தவணை ஆரம்பித்துவிடும். பாஜேயின் மகன் கிடங்கில் இரவு ஷிப்டில் பெட்டி தூக்கி அந்தக் கடனை அடைத்தான். கடைசித் தவணை கட்டிய சீட்டும் அந்த வெள்ளைப் பையில் இருக்கிறது. வயதானவர்களுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகைக்கு ஏழு வருடக் கெடு. அதற்குள் குடிமகன் ஆகாவிட்டால் நின்றுவிடும். எழுதப் படிக்கத் தெரியாத எழுபது வயதுக்காரர் ஏழு வருடத்தில் ஆங்கிலத்தில் தேர்வு எழுதித் தேற வேண்டும். பாஜே இரண்டு தடவை போய்த் தவறினார். உதவித்தொகை நின்றது.

வகுப்பில் ஒரு ஆமா இருக்கிறார். நேபாளியில் ஆமா என்றால் அம்மா. எங்கள் பேச்சில் அது சம்மதம் சொல்லும் வார்த்தை. அதனாலோ என்னவோ, அவரைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு மனசு இளகிவிடும். பேனா பிடிக்கவே தெரியாமல் வந்தவர். அறுபத்தொரு வயதில் அ, ஆ மாதிரி ஏ, பி, சி. முதல் வருடம் முழுக்கத் தன் பெயர் எழுதினார். தேர்வில் அதிகாரி சொல்லும் ஒரு வாக்கியத்தை எழுத வேண்டும். மூன்று வாய்ப்பு தருவார்கள். ஆமா "நாங்கள் வரி கட்டுகிறோம்" என்ற ஆங்கில வாக்கியத்தை ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிப் பழகினார். வரிக்கு உரிய ஆங்கிலச் சொல்லில் எக்ஸ் எழுத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் பெருக்கல் குறி போலப் பெரிதாகப் போடுவார். 2022-இல் தேறினார். பாஸ்போர்ட் வந்ததும் என்னிடம்தான் முதலில் கொண்டுவந்தார். பிறந்த இடம் என்ற வரியைப் படிக்கச் சொன்னார். பூட்டான் என்று படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். குதுனாபாரியில் அவரை விசாரித்த பூட்டான் அதிகாரி, நீ எங்கள் நாட்டு ஆளே இல்லை என்று எழுதிவிட்டுப் போனவர். அமெரிக்க அரசு பூட்டான் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறது.

கண்ணியம் என்று பெரிய வார்த்தையாகச் சொல்கிறோம். நான் அதைப் பார்த்தது ஒரு ஆஸ்பத்திரியின் சின்ன அறையில். எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமில்லை, இது பல இடங்களில் நடக்கிறது. இன்னொரு வீட்டுப் பாட்டியைப் பரிசோதனை முடிவு கேட்க என் காரில் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கூட அவருடைய பேத்தி, பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. மருத்துவர் வந்து உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே நாலு வாக்கியம் சொன்னார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து "பாட்டிக்குச் சொல்லும்மா" என்றார். அந்தக் குழந்தை தன் ஸ்வெட்டரின் கை நுனியை இழுத்து விரல்களை மூடிக்கொண்டது. வாய் திறந்து மூடிற்று. அப்புறம் நேபாளியில் மெதுவாக ஏதோ சொன்னது. எனக்குத் தெரிந்த கொஞ்ச நேபாளியில் புரிந்தது: "இன்னொரு நாள் வரச் சொல்றாங்க." மருத்துவர் சொன்னது அது இல்லை.

நான் எழுந்து, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன். குழந்தைதான் நன்றாக ஆங்கிலம் பேசுகிறதே என்றார்கள். மத்திய அரசுப் பணம் வாங்கும் எந்த ஆஸ்பத்திரியும் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். 1964-ஆம் வருடத்துக் குடிமை உரிமைகள் சட்டத்திலிருந்து வரும் கடமை அது. 2010-இன் சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், அவசர நேரம் தவிர மற்றபடி குழந்தையை மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது என்றே சொல்கின்றன. இதை நான் சண்டையாகச் சொல்லவில்லை, ஆனால் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. இருபது நிமிடத்தில் போனில் ஒரு பெண் குரல் வந்தது. "நமஸ்தே ஆமா" என்று அந்தக் குரல் ஆரம்பித்ததும், அதுவரை குனிந்து உட்கார்ந்திருந்த பாட்டி நிமிர்ந்து, சேலை முந்தானையைச் சரி செய்துகொண்டு, கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஏழு கேள்வி கேட்டார். எனக்கு எண்ணத் தோன்றியது, எண்ணினேன். பேத்தியை நான் வெளியே கூட்டிப் போய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அது எதுவும் பேசவில்லை.

தற்கொலைகளைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தைரியம் இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே வந்து ஆராய்ந்தது. இங்கே குடியமர்ந்த பூட்டான் அகதிகளிடையே லட்சத்துக்கு 20.3, பொது மக்களிடையே 12.4 என்று கண்டது. வேலை இல்லாமை, மொழி தெரியாமல் தனித்துப்போனது, வீட்டுக்கு பாரம் ஆகிவிட்டோம் என்ற எண்ணம். வகுப்புக்கு ஒருவர் இரண்டு வாரம் தொடர்ந்து வராவிட்டால் நான் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவதற்கு இதுதான் காரணம்.

அப்புறம் 2025 மார்ச் வந்தது.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பதினாறு நாற்காலி போட்டிருந்தேன், நாலு பேர்தான் வந்தார்கள். பென்சில்வேனியாவிலும் ஓஹையோவிலும் குடிவரவு அதிகாரிகள் வீடு தேடிப் போய் ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று பேச்சு. பேச்சு உண்மைதான். பிடித்தவர்களை தில்லி வழியாக பாரோவுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். பூட்டானுக்கு! எந்த நாடு இவர்கள் என் மக்களே இல்லை என்று முப்பத்தைந்து வருடமாகச் சொல்கிறதோ, அதே நாட்டுக்கு. பூட்டான் என்ன செய்தது? ஒரு நாள் வைத்திருந்து, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, ஃபுன்ட்ஷோலிங் எல்லையில் இந்தியப் பக்கம் இறக்கிவிட்டது. அங்கிருந்து சிலர் தட்டுத் தடுமாறி நேபாளத்துக்குப் போய், தாங்கள் சிறுவர்களாக இருந்த பெல்டாங்கி முகாமையே அடைந்தார்கள். அங்கே நேபாள போலீஸ், அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வந்ததாகப் பிடித்து வைத்தது. ஒரு தகப்பன் நேபாள உச்ச நீதிமன்றத்துக்குப் போனதால், அவர்களை நாட்டை விட்டு அனுப்பக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. அந்த வருடக் கோடைக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் இப்படி அனுப்பப்பட்டுவிட்டார்கள். சிலர் எங்கே இருக்கிறார்கள் என்று குடும்பத்துக்கே தெரியவில்லை.

பாஜே வகுப்பில் இந்திய வரைபடத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். பூட்டானிலிருந்து ஜலபாய்குரி, சிலிகுரி, மேச்சி, ஜாபா. 1991-இல் லாரியில் அவர் போன வழி. அதே வழியில் இப்போது பையன்கள் போகிறார்கள்.

"அவங்க எல்லாம் குற்றம் செஞ்சவங்கதானே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் தமிழர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இந்தக் கேள்வி வந்தது. ஆமாம், அனுப்பப்பட்டவர்களில் பலர் மேல் வழக்கு இருந்தது. சிலருடைய குற்றம் சின்னது இல்லை, அடிபட்டவர்களின் வேதனையை நான் மறைக்க மாட்டேன். ஆனால் நீதிமன்றம் தண்டனை கொடுத்து, அதை அனுபவித்து, வெளியே வந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 1996-இல் கொண்டுவந்த சட்டத்தால், ஒரு திருட்டுக்கோ அடிதடிக்கோ ஒரு வருடத் தண்டனை என்று தாளில் எழுதிவிட்டால் போதும், ஒரு நாள்கூடச் சிறையில் இல்லாவிட்டாலும் கிரீன் கார்டு பறிபோகலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படலாம் என்று வக்கீல் எச்சரிக்க வேண்டும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதே 2010-இல் பாடில்லா வழக்கில்தான். வந்த புதிதில் இருபது வயதில், கோர்ட்டில் என்ன சொல்கிறார்கள் என்று புரியாமல் "எஸ்" சொல்லிவிட்டு வந்த பையன்களை எனக்குத் தெரியும். இங்கேயே பிறந்த ஒருவன் அதே குற்றம் செய்தால் தண்டனை முடிந்து வீட்டுக்குப் போவான். இவனுக்கு மட்டும் தண்டனை முடிந்த பிறகு வீடே இல்லாமல் ஆக்குகிறார்கள். அவனுடைய பெண்டாட்டியும் இங்கே பிறந்த குழந்தையும் என்ன குற்றம் செய்தார்கள்?

இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. குடியமர்த்துவது என்றால் ஒரு நாடு இன்னொருவருக்கு வாக்குக் கொடுப்பது. நேபாளத்து முகாமிலிருந்து இவர்களே அமெரிக்காவைத் தேடிப் போகவில்லை. அமெரிக்கா அதிகாரிகளை அனுப்பி, ஒவ்வொருவராக விசாரித்து, இவர்களுக்குத் திரும்பிப் போக நாடு இல்லை என்று தானே முடிவு செய்து அழைத்து வந்தது. அந்த முடிவில் அமெரிக்காவின் முத்திரை இருக்கிறது. திரும்ப நாடு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அரசு, பிறகு அந்த ஆளை எந்த நாட்டுக்கு அனுப்புகிறது? உயிருக்கும் சுதந்திரத்துக்கும் ஆபத்துள்ள இடத்துக்கு ஒரு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 1951-ஆம் வருட அகதிகள் ஒப்பந்தத்தின் முப்பத்து மூன்றாம் பிரிவு. 1967-இன் துணை ஒப்பந்தத்தில் சேர்ந்ததால் அமெரிக்காவுக்கும் அந்தக் கடமை உண்டு. மிக ஆபத்தானவர்களுக்கு அதில் விலக்கு இருக்கிறது. சரி. ஆனால் அடுத்த நாளே வெளியே தள்ளப்போகும் ஒரு நாட்டிடம் ஒப்படைப்பதை நாடு கடத்தல் என்றுகூடச் சொல்ல முடியாது. நடுத்தெருவில் இறக்கிவிடுவது அது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் கணவர் ஒரு நாள் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பவானிசாகரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. என்னோடு படித்த ஒருத்தி அங்கிருந்து வருவாள். கணக்கில் எப்போதும் முதல். முகாமில் செக்கிங் என்றால் அன்றைக்குப் பள்ளிக்கு வர மாட்டாள், எல்லோரும் இருந்து தலை காட்ட வேண்டும். எங்கள் ஊரில் சரியாக உடுத்தாத பிள்ளையை "என்னடி அகதி மாதிரி இருக்க" என்று திட்டுவார்கள். என் அம்மாவும் அப்படித் திட்டியிருக்கிறார், அவள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போதே. அவள் தலையைத் தூக்கவில்லை. நான் அன்றைக்கு அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. 2021-இல் அந்த முகாம்களை இனி மறுவாழ்வு முகாம் என்று அழைக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்த செய்தியைப் படித்தபோது அவள் முகம்தான் வந்தது. பெயர் மாறினால் போதுமா என்றால் போதாது, குடியுரிமைதான் வேண்டும். இருந்தாலும் அந்தத் திண்ணையில் அந்தச் சொல் விழுந்ததைப் பார்த்தவளுக்கு, அது ஒன்றுமே இல்லை என்று தோன்றவில்லை.

பாஜே விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், கிரீன் கார்டு வாங்கிப் பதினைந்து வருடம் ஆனவர்கள் தங்கள் தாய்மொழியிலேயே தேர்வு கொடுக்கலாம். அகதிகளுக்கு அந்தக் கணக்கு நாட்டில் வந்து இறங்கிய நாளிலிருந்து ஆரம்பம். பாஜே 2010 ஜூலையில் வந்தவர். 2025 ஜூலையில் பதினைந்து முடிந்தது. அடுத்த வாரமே விண்ணப்பம் போட்டோம். நல்ல வேளை, அக்டோபர் இருபது முதல் போட்டவர்களுக்குக் கேள்விகள் நூற்று இருபத்தெட்டு ஆகிவிட்டன, இருபது கேட்டு பன்னிரண்டுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். பாஜேவுக்குப் பழைய நூறு, பத்தில் ஆறு போதும். நேபாளியில் கேட்டால் நூறும் சொல்கிறார். இரண்டு தடவை தவறிய அதே ஆள்தான். சுதந்திரப் பிரகடனத்தில் உள்ள உரிமைகள் எவை என்ற கேள்விக்கு உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடுதல் என்று பதில். மூன்றாவதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி நிறுத்திவிட்டுச் சொல்வார்.

வந்திருக்கும் கடிதப்படி அடுத்த மாதம் பதினோராம் தேதி பிலடெல்பியாவில் நேர்காணல், காலை எட்டே முக்கால். இங்கிருந்து நூறு மைல், ஐந்தரைக்காவது கிளம்ப வேண்டும். மகனுக்கு இரவு ஷிப்ட் முடிவதே ஆறரைக்கு. நான் ஓட்டுகிறேன். அதே வாரத்தில் இன்னும் இரண்டு பேருக்கு பிலடெல்பியா தேதி வந்திருக்கிறது, அதற்கு ஆள் இல்லை. ஹாரிஸ்பர்க், மெக்கானிக்ஸ்பர்க் பக்கம் இருக்கும் தமிழர்கள் யாராவது ஒரு நாள் லீவு போட முடிந்தால் எனக்கு எழுதுங்கள். நேபாளி தெரிய வேண்டியதில்லை, "பாத் கானு பயோ" மட்டும் போதும். அவர்கள் வெளியே சாப்பிட மாட்டார்கள், சோறும் கீரையும் டப்பாவில் கட்டிக்கொண்டு வருவார்கள், உங்களுக்கும் சேர்த்து. வண்டியில் பின் சீட்டில் இடம் விட்டு வையுங்கள். பாஜே மாதிரி அவர்களும் பையைக் காலடியில் வைக்க மாட்டார்கள், பக்கத்து சீட்டில்தான் வைப்பார்கள்.